கல்மரங்களின் பெயர் நயம்

ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: புத்ரஞ்சிவோக்ஸைலான் புராதனம். முதல் தடவை நாக்கு இடறும். இரண்டாம் தடவை பாதி புரிந்துவிடும். கடைசிச் சொல் நம் வீட்டில் புழங்குவது. பழைய கோயிலைப் பற்றியும் பாட்டி காலத்து அண்டாவைப் பற்றியும் பேசும்போது வருகிற அதே புராதனம்தான். முன்னால் நிற்பது புத்திரஞ்சீவி. அதன் கொட்டைகளைக் கோத்துக் குழந்தையின் கழுத்தில் போட்டால் நோய்நொடி அண்டாது என்று நம்பி வளர்த்த மரம். நடுவில் புகுந்திருக்கும் ‘ஸைலான்’ மட்டும் கிரேக்கம். மரக்கட்டை என்று பொருள். பழைய தென்னாற்காடு மாவட்டத்துப் பாறைகளில் கிடைத்த ஒரு கல்மரத்துக்கு 1956-இல் தாவரவியலர் சி.ஜி.கே. இராமானுஜம் சூட்டிய பெயர் இது.

இதில் ஓர் இலக்கண நயம் ஒளிந்திருக்கிறது. அறிவியல் பெயரின் இரண்டாம் சொல் அடைமொழியாக வந்தால், அது முதற்சொல்லின் பாலோடு ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. அதனால்தான் ஊர்ப்பெயரோ நிறப்பெயரோ இரண்டாம் இடத்தில் வரும்போது லத்தீன் வால் ஒன்று ஒட்டிக்கொள்ளும்: இண்டிகஸ், இண்டிகா, இண்டிகம் என்று ஆண், பெண், அஃறிணை பார்த்து வால் மாறும். கிரேக்கத்தில் ஸைலான் அஃறிணைச் சொல். வடமொழியில் ‘புராதனம்’ என்ற வடிவமும் அஃறிணை. லத்தீன் வால் எதுவும் ஒட்டாமலே பால் பொருந்திவிட்டது. பெயர் வைத்தவர் இதை யோசித்துச் செய்தாரா, கைபோன போக்கில் அமைந்ததா என்பது எப்படியும் இருக்கட்டும். படிக்கிறவனுக்கு ருசி ருசிதான்.

இப்படிப்பட்ட பெயர்கள் விளைந்த மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் திருவக்கரைக்குப் போக வேண்டும். திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரை ஊர். சந்திரமௌலீசுவரர் கோயிலும் அதற்குள் குடியிருக்கும் வக்கிரகாளியம்மனும் ஊரைப் பிரசித்தமாக்கியவர்கள். பௌர்ணமி என்றால் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் எட்டிப் பார்க்காத இடம், ஊருக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940-இல் அமைத்த தேசியக் கல்மரப் பூங்கா. பரப்பு 247 ஏக்கர். செம்மண்ணும் முட்புதரும் கலந்த மேட்டில் சுமார் 200 மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளம். பட்டை உரிந்த அடிமரம் என்றே தோன்றும்; கணு தெரியும், இழை ஓடியிருப்பது தெரியும். தட்டினால் கல் ஓசை.

வயது சுமார் 2 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் இதைக் கல்மரம் என்கிறார்கள். அறிவியலும் அந்த இரண்டு சொல்லைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை; விவரத்தைத்தான் கூட்டியிருக்கிறது. இங்கே கிடக்கும் மரங்களில் கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. ஆகவே இவை நின்ற இடத்தில் கல்லானவை அல்ல. வேறெங்கோ வளர்ந்து, பெருவெள்ளத்தில் உருண்டு வந்து, மணலில் புதைந்தவை. காற்றுப் புகாத மணலுக்குள் மட்கவும் வழியில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்லக் கட்டைக்குள் ஊறி, ஒவ்வொரு செல்லின் உட்கூட்டிலும் படிந்து இறுகியது. மணலும் இறுகிப் பாறையானது. அந்தப் பாறைக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர்.

சிலிக்கா செய்த வேலையின் நுட்பம் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் முழுதாகத் தெரியும். கல்மரத் துண்டை வைர விளிம்புள்ள ரம்பத்தால் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்வரை தேய்ப்பார்கள். அந்த மெல்லிய நிலையில் கல் ஒளியை விட்டுவிடும். நுண்ணோக்கியின் அடியில் வைத்தால் மரம் திரும்பவும் மரமாகிறது. இப்படி மூன்று சீவல் வேண்டும்: மரத்தைக் குறுக்கே அறுத்த வெட்டு, நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிப் பிளந்த வெட்டு, பட்டைக்கு இணையாகச் சீவிய வெட்டு. ஒன்றில் ஒளிந்திருப்பது இன்னொன்றில் தெரியும். தச்சருக்கு இது புதிதில்லை. பலகை அறுக்கும் திசைக்குத் தக்கபடி ரேகை மாறுவது அவருக்குக் கைவந்த பாடம்.

குறுக்கு வெட்டில் முதலில் கண்ணில் படுவது துளைகள். பூக்கும் மரங்களில் வேர் உறிஞ்சிய தண்ணீரை உச்சிக்கு ஏற்றுபவை சைலக் குழாய்கள். அவற்றைக் குறுக்கே வெட்டினால் இடியாப்ப அச்சின் தட்டுபோல் துளை துளையாகத் தெரியும். துளைகள் தனித்தனியே நிற்கின்றனவா, இரண்டு மூன்றாக ஒட்டி நிற்கின்றனவா என்பது ஓர் அடையாளம். துளையைச் சுற்றி மெத்தென்ற பாரன்கைமா செல்கள் இருபுறமும் சிறகு விரித்ததுபோல் அமைந்திருந்தால், அவரைக் குடும்பத்து மரமாக இருக்கக்கூடும் என்று சந்தேகம் வரும். பிசின் ஓடும் தனிக் கால்வாய்கள் தென்பட்டால் சாலமர வகையறாவைத் தேட வேண்டும். துளையே இல்லாமல், ஒரே அளவுக் கட்டங்களாக டிரக்கீடு செல்கள் மட்டும் வரிசை வரிசையாக நின்றால் அது பூக்கும் மரமே இல்லை. பைனும் தேவதாருவும் சேர்ந்த கோனிஃபர் கூட்டம். கட்டை முழுவதும் வாஸ்குலார் கற்றைகள் சிதறிக் கிடந்தால் பனை இனம். விழுப்புரத்துப் பக்கம் பனைமரம் அறுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிதறிய நார்கள் தெரியும்.

இங்கேதான் பெயர் வைப்பதன் நேர்மை சோதனைக்கு வருகிறது. தாவரவியல், குடும்பம் பிரிப்பதற்குப் பெரிதும் நம்பியிருப்பது பூவையும் காயையும். இலை ஏமாற்றும், உயரம் ஏமாற்றும். பூ அவ்வளவாக ஏமாற்றாது. திருவக்கரையில் கிடப்பதோ வெறும் கட்டை. கட்டையின் அமைப்பு புத்திரஞ்சீவியை ஒத்திருக்கிறது என்பதற்காக, அது புத்திரஞ்சீவியேதான் என்று அடித்துச் சொல்ல முடியுமா? அந்த மரத்தின் பூ எப்படி இருந்ததென்று யாருக்குத் தெரியும்? அதனால் ‘ஓக்ஸைலான்’ என்று ஓர் இழையைச் சேர்க்கிறார்கள். புத்திரஞ்சீவியை ஒத்த கட்டை. என் கையில் இருப்பது கட்டை மட்டும். இதற்கு மேல் கேட்காதே என்பது அதன் உட்பொருள். மருது, கடுக்காய் இனத்தை ஒத்தது டெர்மினலியோக்ஸைலான். சாலமரத்தை ஒத்தது ஷோரியோக்ஸைலான். பேரினப் பெயரும் அடக்கமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பெயரிடும் சட்டம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது: ஒரே மரத்தின் கட்டை ஓரிடத்திலும், இலை இன்னோரிடத்திலும், கனி வேறோரிடத்திலும் கல்லாகக் கிடைத்தால் மூன்றுக்கும் மூன்று பெயர் இருக்கலாம். அவை ஒரே மரத்தினுடையவை என்று நிரூபணம் ஆகும்வரை யாரும் கலியாணம் செய்து வைக்க அவசரப்படுவதில்லை. துறை துறையாக நான் பார்த்த கலைச்சொற்களில், தன் அறியாமையின் எல்லையைப் பெயருக்குள்ளேயே கோடு போட்டுக் காட்டும் சொல் இதைப்போல இன்னொன்று சுலபத்தில் அகப்படவில்லை.

திருவக்கரைக் கல்மரங்களில் பேர்போனது ஒரு கோனிஃபர்: மெசெம்ப்ரியோக்ஸைலான் ஷ்மிடியானம். இதன் முழுப்பெயரை ஆய்வேட்டில் எழுதும்போது பின்னால் ஆட்களின் பெயரும் வரும்: (ஷ்லைடன்) சாஹ்னி. அடைப்புக்குறியைக் கவனியுங்கள். 1855-இல் ஜெர்மானியரான ஷ்லைடன் இந்தக் கட்டையைப் பியூசே என்ற பேரினத்தில் வைத்து, ஷ்மிட் என்பவர் பெயரால் ஷ்மிடியானா என்று அழைத்தார். இந்த ஷ்லைடன் வேறு யாருமில்லை. தாவரங்கள் எல்லாமே செல்களால் ஆனவை என்று 1838-இல் சொல்லி, நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஷ்வானோடு சேர்ந்து நிற்கிறாரே, அவரேதான். பிறகு 1919-இல் ஆங்கிலேயரான சூவர்ட் மெசெம்ப்ரியோக்ஸைலான் என்ற பேரினத்தை உண்டாக்கினார். கிரேக்கத்தில் மெசெம்ப்ரியா என்பது உச்சிவேளையையும் குறிக்கும், தெற்கையும் குறிக்கும். வடகோளத்துக்காரனுக்கு உச்சி வெயில் தெற்கிலிருந்துதானே வருகிறது! தென்கோளத்துக் கோனிஃபர்களை ஒத்த கட்டைகளுக்கு அந்தப் பெயர். 1931-இல் இந்தியத் தொல்தாவரவியலின் தலைமகனான பீர்பால் சாஹ்னி, ஷ்லைடனின் மரத்தை அந்தப் பேரினத்துக்கு மாற்றினார். மாற்றியவர் பெயர் வெளியே, முதலில் பெயர் வைத்தவர் பெயர் அடைப்புக்குள். முன்னவரை அழித்துவிட்டு எழுதும் உரிமை பின்னவருக்குக் கிடையாது. எத்தனை முறை வீடு மாறினாலும் ‘ஷ்மிட்’ என்ற இரண்டாம் சொல் கூடவே போகும். புது வீட்டுக்குத் தக்கபடி ‘ஷ்மிடியானா’ ‘ஷ்மிடியானம்’ ஆகும், அவ்வளவுதான்.

சாஹ்னிக்குக் கல்மரத்தின் மேல் இருந்த காதலுக்கு இன்னொரு சாட்சி உண்டு. லக்னோவில் அவர் தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனத்துக்கு 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல் பல நாட்டுத் தொல்லுயிர்த் துண்டுகள் பதித்துச் செய்தது. ஒரு வாரத்தில் சாஹ்னி காலமானார்.

மெசெம்ப்ரியோக்ஸைலானின் உறவு எது என்று தேடினால் போடோகார்ப் குடும்பத்துக்குப் போக வேண்டும். அந்தக் குடும்பத்தின் ஒரே ஒரு மரம், நாகேயா வாலிச்சியானா, இன்றைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் நிற்கிறது. தென்னிந்தியாவின் ஒரே சொந்தக் கோனிஃபர் அதுதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் படமெடுத்துக்கொள்ளும் பைன்கள் எல்லாம் நட்டு வளர்த்தவை.

பெயரில் ஊர் இருப்பதும் தனி ருசி. இராமானுஜம் விவரித்த ஒரு பனையினத்தின் பெயர் பாமோக்ஸைலான் ஆர்கோடென்ஸ், ஆற்காட்டுப் பனைக்கட்டை. தென்னாற்காடு மாவட்டம் 1993-இல் பிரிந்து, விழுப்புரம் தனி மாவட்டமானது. அதன்பின் எஞ்சிய பகுதிக்கும் கடலூர் என்றே பெயர் வந்துவிட்டது. தபால் முகவரியிலிருந்தும் பள்ளிச் சான்றிதழிலிருந்தும் தென்னாற்காடு போயே போய்விட்டது. ஆனால் பனைக்கட்டையின் பெயரை மாற்ற எந்த அரசாணையாலும் முடியாது. முறைப்படி வெளியான பெயர், ஊர் பெயர் மாறியது என்ற காரணத்துக்காக மாறாது என்பது சட்டம். பாண்டிச்சேரி 2006-இல் புதுச்சேரி ஆனபோதும் ‘பாண்டிச்சேரியென்ஸ்’ என்று முடியும் கல்மரப் பெயர்கள் அப்படியே நின்றன. மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டே போகும் ஊரில் இது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கிறது.

ஊரைப்போல ஆளும் உண்டு. திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றி முதலில் எழுதி வைத்த ஐரோப்பியர் பிரெஞ்சு இயற்கையியலர் பியர் சொன்னெரா. ஆண்டு 1781. அதற்கு அடுத்த ஆண்டு, தாவரவியலர் லின்னேயஸின் மகன், கடலோர அலையாத்தி மரம் ஒன்றுக்கு அவரைக் கௌரவித்துச் சொன்னெரேஷியா என்று பேரினப் பெயர் சூட்டினார். பிச்சாவரத்தில் படகில் போகும்போது காணக்கூடிய மரம் அது. சேற்றிலிருந்து மூச்சு வேர்களை ஈட்டி ஈட்டியாக நிமிர்த்தி நிற்கும். கதை இத்தோடு முடிந்திருந்தால் சாதாரணம். 1969-இல் தொல்தாவரவியலர் என். அவஸ்தி, தென்னிந்தியாவின் கல்மரம் ஒன்றைச் சீவிப் பார்த்து, அது சொன்னெரேஷியாவை ஒத்த கட்டை என்று கண்டார். பெயர்: சொன்னெரேஷியோக்ஸைலான். கல்மரத்தைப் பார்த்து வியந்த மனிதரின் பெயர், உயிருள்ள மரத்துக்குப் போய், அங்கிருந்து கல்மரத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. நாவலில் எழுதினால் செயற்கை என்று தள்ளிவிடுவோம்.

இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் படித்தால் 2 கோடி ஆண்டுக்கு முந்திய தட்பவெப்பமும் கொஞ்சம் தெரிகிறது. அலையாத்தியின் உறவு என்றால் உப்பங்கழி பக்கத்தில் இருந்திருக்கிறது. சாலமரக் குடும்பத்தின் டிரையோபலனாப்ஸ் என்ற பேரினத்தை ஒத்த கட்டைகளும் இதே மணற்கல்லில் கிடைத்திருக்கின்றன. நம் கோயில்களில் தீர்த்தத்துக்குப் போடும் பச்சைக் கற்பூரத்தை முற்காலத்தில் தந்த சுமத்ரா, போர்னியோ மரம் அந்தப் பேரினம்தான். இன்று இந்தியாவில் அது இயற்கையாக எங்கும் வளர்வதில்லை. கப்பலேறி வந்த கற்பூரத்தின் மூதாதையர் வானூர் வட்டத்து முட்புதருக்குள் கிடக்கிறார்கள். அந்த மரங்கள் கேட்கும் மழைக்கும் இன்றைய திண்டிவனத்து மழைக்கும் வெகுதூரம்.

இனி திண்டிவனம். ஊர்ப்பெயரே ஒரு தாவரப் பெயர். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. ஊருக்குள் இருக்கும் சிவனுக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருநாமம். புளியின் அறிவியல் பெயர் டாமரிண்டஸ் இண்டிகா. ‘இந்தியப் பேரீச்சை’ என்று அரபியர் சொன்னதிலிருந்து முதல் சொல். அதன் பின்னாலும் லின்னேயஸ் ஓர் ‘இந்திய’ சேர்த்தார். இரண்டு தடவை இந்தியா என்று அழுத்திச் சொன்ன மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா! இதைவிட வேடிக்கை, 1753-இல் லின்னேயஸ் அதை வைத்த இடம். அவர் தாவரங்களை மகரந்தத் தாள்களை எண்ணி வகுப்புப் பிரித்தார். புளியம்பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சிவப்பு நரம்போடிய வெளிர்மஞ்சள் இதழ் மூன்றுதான் விரிந்திருக்கும், மற்ற இரண்டும் மயிரளவாகச் சுருங்கிக் கிடக்கும். மகரந்தம் தரும் தாளும் மூன்றே. ஆகவே மூன்று தாள் வகுப்பு. அதே வகுப்பில், அவர் நூலில் இரண்டு பக்கம் தள்ளி, குங்குமப்பூ. புளியமரமும் குங்குமப்பூச் செடியும் அக்கம்பக்கம்! எண்ணுவதற்கு எளிது, உறவு சொல்வதற்கு உதவாது. பின்வந்தவர்கள் புளியை அவரைக் குடும்பத்தில் வைத்தார்கள். அந்தக் குடும்பத்துக்குள்ளும் 2017-இல் செய்த மறுபிரிவில் புளி டெட்டேரியம் துணைக்குடும்பத்தில் இருக்கிறது. அதே துணைக்குடும்பத்தில் சைனோமெட்ரா என்றொரு பேரினம். அதை ஒத்த கல்மரம், சைனோமெட்ரோக்ஸைலான், புதுச்சேரிக்கு அருகே கடலூர் மணற்கல்லில் கிடைத்ததாக 1958-இல் தொல்தாவரவியலர் நவலே எழுதியிருக்கிறார். புளியங்காடு ஊருக்குப் பெயர் கொடுப்பதற்கு வெகு முன்பே, புளியின் பங்காளி இந்த மண்ணுக்கு அடியில் இருந்திருக்கிறது.

குடும்பம் மாறும் கதையில் புத்திரஞ்சீவியும் உண்டு. 1956-இல் இராமானுஜம் தன் கட்டுரையில் அதை ஆமணக்குக் குடும்பக் கல்மரங்களில் ஒன்றாகத்தான் எழுதினார். பூக்கும் தாவரங்களுக்காக 1998-இல் தொடங்கிய ஏ.பி.ஜி. வகைப்பாடு டி.என்.ஏ.வைப் படித்துவிட்டு ஆமணக்குக் குடும்பத்தைப் பாகம் பிரித்தது. புத்திரஞ்சீவி தனிக்குடும்பமாகப் போனது. நம் கடற்கரையோர ஐயனார் காடுகளில் காணும் வீரை மரமும் அதனோடு போயிற்று. கடுகு வரிசைக்கு வெளியே, கடுகின் காரத்துக்கு மூலமான சத்தை உண்டாக்கும் ஒரே குடும்பம் இது. அதே கட்டுரையில் இருந்த முள்வேங்கை இனத்துக் கட்டை நெல்லிக் குடும்பத்துக்குப் போக வேண்டியதாயிற்று. நெல்லி என்றதும் நம் ஊர்ப் பெயரிடலைச் சொல்லாமல் விட முடியாது. நெல்லி ஆளுயரம் தாண்டும் மரம். கீழாநெல்லி வரப்பில் ஒரு சாண் பூண்டு. அருநெல்லி கொல்லைப்புறச் சிறுமரம். மூன்றுக்கும் ஒரே குடிப்பெயர் வைத்தவர்கள் பூவைக் கீறிப் பார்த்தவர்கள் இல்லை. ஈர்க்கில் சிற்றிலைகள் அடுக்கியிருக்கும் விதமும், அதன் அடியில் காய் தொங்குவதும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. லின்னேயஸ் வழித் தாவரவியலும் மூன்றையும் ஃபில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் சேர்த்தது. நடுவில் நெல்லியை எம்ப்ளிகா என்று பிரித்துப் பார்த்தார்கள். திரும்பவும் ஃபில்லாந்தஸுக்கே கொண்டுவந்தார்கள்.

திண்டிவனத்தில் பெயர் வைக்கும் வேலை இன்னொரு விதமாகவும் நடக்கிறது. நிலக்கடலை, இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, மணிலாக்கொட்டையின் தேய்வு. மணிலாவும் அதன் ஊரில்லை, பூர்வீகம் தென்னமெரிக்கா. அரேக்கிஸ் ஹைபோஜியா என்ற பெயரில் இரண்டாம் சொல்லுக்கு நிலத்தடி என்று பொருள். மேலே பூத்து, விழுது இறக்கி, மண்ணுக்குள் காய்க்கும் செடிக்கு அது சரியான பெயர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில், குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் 1940-இல் வெளிவந்தது. பெயர் டி.எம்.வி. 2. அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தின் சுருக்கம். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் விதைக்கடையில் அந்த எழுத்தைச் சொல்லிக் கேட்ட விவசாயிகளில் எத்தனை பேருக்கு, தாங்கள் ஒரு தமிழ்நாட்டு ஊரின் பெயரைச் சொல்கிறோம் என்று தெரிந்திருக்கும்? பயிர் ரகப் பெயர்களுக்குச் சட்டமும் வேறு. லத்தீன் வால் வேண்டியதில்லை, எண்ணும் எழுத்தும் போதும். கல்மரப் பெயரோடு ஒப்பிட்டால் வறட்சிதான், மறுப்பதற்கில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு வக்கிரகாளியைக் கும்பிடப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிக் கல்மரப் பூங்காவுக்குள்ளும் போய் வாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். அறுந்த முகம் தெரியும் கட்டையாகப் பார்த்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு லென்ஸ் வழியே பாருங்கள்; துளை இருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே தேடலாம். துண்டு எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொரு அறிவியல் பெயரும் ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது; அது எங்கே கிடந்தது என்ற விவரமும் அதில் அடக்கம். கிடந்த இடத்தை விட்டு எடுத்த கல்மரம், வீட்டு அலமாரியில் வெறும் கல்.